தனி ஆளாக ஐ.ஆர். பார்க்கிறேன்: சங்கத்தில் சேர்வதால் என்ன பயன்?

தாம்பரம்_ரேடியாலஜி:
எல்லோருக்கும் வணக்கம். எம்.டி. ரேடியாலஜி, அப்புறம் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி (ஐ.ஆர். - ஸ்கேன், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி ஊசி, மெல்லிய குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் துறை) ஃபெலோஷிப் முடித்து, ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் ஒரு நடுத்தர மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன். இங்கே ஐ.ஆர். என்றால் நான் ஒருவன்தான். பாதி நாள் சி.டி. ரிப்போர்ட்டில் போகிறது. நடுவில் கூப்பிட்டால் பயாப்ஸி, பிக்டெயில் (நீர், சீழ் வடிக்கும் குழாய்), எப்போதாவது ஒரு பி.டி.பி.டி. (அடைபட்ட பித்தநாளத்தில் வடிகுழாய் வைப்பது). கற்றுக்கொண்ட எம்போலைசேஷனும் (ரத்தக்குழாயை உள்ளிருந்து அடைப்பது) ஆஞ்சியோபிளாஸ்டியும் (குறுகிய ரத்தக்குழாயை உள்ளிருந்து விரிப்பது) செய்ய ரெஃபரலே வருவதில்லை. ஓ.பி. அறை கேட்டால், "ரேடியாலஜிஸ்ட்டுக்கு எதுக்கு சார் ஓ.பி.?" என்கிறது நிர்வாகம்.

இந்திய ஐ.ஆர். சங்கமான ஐ.எஸ்.வி.ஐ.ஆரில் ஆயுள் உறுப்பினராகச் சேரலாமா என்று யோசிக்கிறேன். அமெரிக்கச் சங்கம் எஸ்.ஐ.ஆர்., ஐரோப்பியச் சங்கம் சிர்சே இரண்டையும் நண்பர்கள் சொல்கிறார்கள். மாநாட்டுக்குப் போய்வருவதைத் தவிர, என்னைப் போன்ற ஒற்றை ஆளுக்கு இவற்றால் என்ன கிடைக்கும்?

கீழ்ப்பாக்கம்_ஐஆர்:
தம்பி, சேர்ந்துவிடுங்கள். முதலில் நம் ஊர்ச் சங்கம். கையில் கொஞ்சம் காசு நின்ற பிறகு மற்ற இரண்டில் ஒன்று. தனியாக வேலை பார்ப்பவருக்கு இரண்டு விஷயம் கட்டாயம் வேண்டும். ராத்திரியில் கூப்பிட ஒரு ஆள். "நான் சொல்கிறேன்" என்று மல்லுக்கட்டாமல் எடுத்து நீட்ட ஒரு தாள்.

தாளைப் பற்றி முதலில் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், சிரோசிஸ் (ஈரல் சுருக்க நோய்) நோயாளிக்கு வயிற்று நீர் எடுக்க வேண்டும் என்றால், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைவதைக் காட்டும் அளவு) கொஞ்சம் கூடியிருந்தாலும் எஃப்.எஃப்.பி. (உறைய வைத்த பிளாஸ்மா) ஏற்றாமல் வார்டிலிருந்து அனுப்ப மாட்டார்கள். நோயாளியின் மகன் பிளட் பேங்க் வாசலில் காத்துக் கிடப்பார். இங்கே அவர் அப்பா மூச்சுவிட முடியாமல் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ஏற்கெனவே உடம்பெல்லாம் நீர் கோத்திருப்பவருக்கு மேலும் பை பையாக பிளாஸ்மா! நான் எத்தனை முறை சொல்லியும் எடுபடவில்லை.

2019இல் எஸ்.ஐ.ஆர். ரத்தக்கசிவு அபாயம் பற்றிய வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் வயிற்று நீர் எடுப்பது அபாயம் குறைந்த வகை. அதற்கு வழக்கமாக ஐ.என்.ஆர்., பிளேட்லெட் பார்க்கவே தேவையில்லை. கிட்னி பயாப்ஸி, டிப்ஸ் (ஈரலுக்குள் ரத்தத்துக்கு மாற்றுவழி போடுவது) போன்றவை அபாயம் கூடிய வகை. அவற்றுக்கு ஐ.என்.ஆர். 1.5-1.8க்குள்ளும் பிளேட்லெட் 50,000க்கு மேலும் இருக்க வேண்டும். நாள்பட்ட ஈரல் நோயாளிகளுக்கு மட்டும் இதைவிடத் தளர்ந்த தனி வரம்பு. அச்செடுத்து, கேஸ்ட்ரோ டாக்டரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். அப்புறம் வார்டிலேயே ஒரு பிரதி ஒட்டினார்கள். ஒரு தனி டாக்டரின் பேச்சு இதைச் செய்திருக்காது.

ஓ.பி. விஷயத்துக்கு வருகிறேன். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சார்லஸ் டாட்டர் என்ற ரேடியாலஜிஸ்ட் முதல் ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார். காலை வெட்டிக்கொள்ள மாட்டேன் என்று மறுத்த 82 வயது அம்மாள். தொடை ரத்தக்குழாயில் அடைப்பு. கால் பிழைத்தது. அதே டாட்டர் 1968இலேயே எச்சரித்துவிட்டார்: நோயாளியின் முழுப் பொறுப்பை நாம் ஏற்காவிட்டால், அதிகச் சம்பளம் வாங்கும் பிளம்பராக மட்டுமே மிஞ்சுவோம், வேலையை வேறு துறையினர் எடுத்துக்கொள்வார்கள் என்று. உங்கள் நிர்வாகம் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அமெரிக்காவில் 2012இல் ஐ.ஆர். தனி முதன்மைத் துறையாக அங்கீகாரம் பெற்றது. நம் நாட்டிலும் ஐ.ஆருக்கென டி.எம். மேற்படிப்பு வந்துவிட்டது. நோயாளியை முன்பே பார்த்து, கன்சென்ட்டை நீங்களே விளக்கி, மறுநாள் ரவுண்ட்ஸ் போய், டிஸ்சார்ஜுக்குப் பிறகும் பார்க்க வேண்டும். அதற்கு அறை வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள்.

ராத்திரி ஆள் விஷயம். கிட்னி பயாப்ஸிக்குப் பின் சிறுநீரில் ரத்தம் நிற்காத ஒரு பெண். டேபிளில் படுக்க வைத்து ஆஞ்சியோ எடுத்தால், கீழ்ப்பக்கக் கிளையில் சூடோஅனியூரிசம் (ரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்து உண்டான வீக்கம்). அதை அடைக்க காயில் (சிறு கம்பிச்சுருள்) விட வேண்டும். மாநாட்டில் பழக்கமான கோவை சீனியர் ஒருவருக்குப் படத்தை அனுப்பினேன். "காயிலை இப்ப விடாதீங்கம்மா, மைக்ரோகதீட்டர இன்னும் ஒரு கிளை உள்ள கொண்டு போங்க" என்றார். போனது. கிட்னியின் பெரும்பகுதி தப்பியது. அந்த நம்பர் என் போனில் இருந்ததற்குக் காரணம் சங்கம்தான்.

கேத்லேப்_பெரம்பூர்:
டாக்டர், நான் டெக்னாலஜிஸ்ட். எங்கள் பக்கமிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். எஸ்.ஐ.ஆரும் சிர்சேயும் சேர்ந்து 2010இல் வெளியிட்ட கதிர்வீச்சுப் பாதுகாப்பு வழிகாட்டுதலை உங்கள் நிர்வாகத்திடம் கட்டாயம் கொடுங்கள். மேலிருந்து தொங்கும் லெட் (ஈயம்) கண்ணாடித் தடுப்பு, டேபிளுக்குக் கீழே தொங்கும் லெட் திரை இரண்டும் இல்லாத அறையில் நீண்ட கேஸ் எடுக்காதீர்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏ.ஈ.ஆர்.பி. நமக்கு வைத்திருக்கும் கதிர்வீச்சு வரம்பு ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. டி.எல்.டி. பேட்ஜை (உடம்பில் படும் கதிர்வீச்சை அளப்பது) டிராயரில் வைத்துவிட்டு உள்ளே போகும் டாக்டர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நெஞ்சுப் பக்கம், ஏப்ரனுக்கு உள்ளே குத்துங்கள்.

லெட் ஏப்ரனை மடித்து நாற்காலியில் போடாதீர்கள், ஹேங்கரில் மாட்டுங்கள். மடிப்பில்தான் லெட் விரிசல் விடும். வெளித்துணியில் ஒன்றுமே தெரியாது. ஃப்ளூரோவில் (நேரலை எக்ஸ்ரே) வைத்துப் பார்த்தால் வெள்ளைக் கோடாகத் தெரியும். ஒற்றை ஏப்ரனுக்குப் பதில் மேல்சட்டை, பாவாடை என்று இரண்டாக வாங்கித் தரச் சொல்லுங்கள். எடை இடுப்புக்கு இறங்கும், தோள் தப்பிக்கும்.

நங்கநல்லூர்_மகள்:
நான் மருத்துவத் துறை இல்லை. என் அப்பா டயாலிசிஸ் நோயாளி. கை ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காக தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) ஓட்டம் குறைந்தபோது, வேறு கையில் புதிதாக வைக்க வேண்டும் என்றுதான் முதலில் சொன்னார்கள். பலூன் வைத்து விரிக்கலாம் என்பதை டயாலிசிஸ் நர்ஸ் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். இப்படி ஒரு டாக்டர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. உங்கள் சங்கம் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை போட்டு டயாலிசிஸ் சென்டர்களில் வைத்தால் எத்தனையோ குடும்பத்துக்கு உதவும்.

தாம்பரம்_ரேடியாலஜி:
நன்றி மேடம், நன்றி அண்ணா. ஏப்ரன்களை நாளைக்கே ஃப்ளூரோவில் பார்க்கிறேன். மேடம், ஓ.பி. கிடைத்தால் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? ஃபைப்ராய்டா (கருப்பைக் கட்டி), வெரிகோசீலா (விரைப்பை நாள வீக்கம்)?

கீழ்ப்பாக்கம்_ஐஆர்:
இரண்டும் அப்புறம். நங்கநல்லூர் அம்மா சொன்னதிலிருந்தே ஆரம்பியுங்கள். உங்கள் மருத்துவமனையில் டயாலிசிஸ் யூனிட் இருக்கும்தானே? நெஃப்ராலஜிஸ்ட்டிடம் சொல்லிவிட்டு வாரம் ஒருமுறை அங்கே போய், ஒவ்வொருவர் ஃபிஸ்டுலாவிலும் விரலை வைத்துப் பாருங்கள். அதிர்வு மங்கி, துடிப்பு மட்டும் தட்டினால் டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எடுங்கள். ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க நேரமாகிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள், முதலில் கண்டுபிடிப்பது அவர்கள்தான். துண்டறிக்கையை நான் எழுதித் தருகிறேன். நங்கநல்லூர் அம்மா படித்துப் பார்த்து, புரியாத இடத்தைச் சொல்லட்டும்.