பெயர் மாறிய ராக்கெட்: அமெச்சூர் கணக்கை நம்பலாமா?

கணக்குப்புலி:
2022 மார்ச் 4 அன்று நிலாவின் மறுபக்கத்தில் பழைய ராக்கெட் துண்டு ஒன்று மோதியதே, நினைவிருக்கிறதா? அது ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் என்று முன்கூட்டியே சொன்னார், விண்பொருள்களின் பாதையைக் கணக்கிடும் பில் கிரே. ஊரெல்லாம் செய்தி. மோதுவதற்கு முன்பே, பிப்ரவரியில் ‘இல்லை, சீனாவின் சாங்கே 5-டி1 நிலாப் பயணத்தின் ராக்கெட்’ என்று மாற்றினார். எந்த விண்வெளி நிறுவனத்திலும் இல்லாமல் தனியாகக் கணக்குப் போடுகிறவர்கள் சொல்லும் பெயரை இனியும் நம்புவதா?

மொட்டைமாடி:
எப்படித் தவறினார் என்பதையும் சொல்லுங்கள். 2015 மார்ச்சில் இந்தப் பொருள் கண்ணில் பட்டபோது, ஃபால்கனில் டிஸ்கவர் விண்கலம் கிளம்பி ஒரு மாதம்தான். பின்னோக்கிக் கணக்குப் போட்டால், ஏவிய இரண்டே நாளில் பொருள் நிலாவை ஒட்டிப் போயிருந்தது. பொருளின் வெளிச்சமும் அந்த ராக்கெட்டோடு பொருந்தியது. வேறு என்ன நினைப்பார்?

கணக்குப்புலி:
பொருந்தினால் போதுமா? டிஸ்கவர் நிலாப் பக்கமே போகவில்லை. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்திலிருந்து ஜான் ஜியார்ஜினி எழுதிய பிறகுதான் அது தெரிந்தது. ஏழு வருஷம் தவறான பெயர்!

மொட்டைமாடி:
அந்த ஏழு வருஷமும் அதைப் பின்தொடர்ந்தவர்கள் யார் ஐயா? அவ்வளவு தூரத்துக் குப்பையை அரசுகள் ஒழுங்காகக் கவனிப்பதே இல்லை. மோதும் நாளைச் சரியாகச் சொன்னதும் அதே கிரேதான்.

தெற்குக்காற்று:
குறுக்கே வருகிறேன், நான் ஹாம் ரேடியோக்காரன், பொழுதுபோக்காக ரேடியோ சிக்னல் அனுப்பிப் பிடிக்கிறவன். அந்தச் சீன ராக்கெட்டின் மேல்கட்டத்தில், அதாவது கடைசியாக எரியும் பகுதியில், ‘4எம்’ என்ற குட்டிக் கருவி தொற்றிக்கொண்டு போனது. அதன் சிக்னலை எங்கள் ஆட்கள் பல நாள் பிடித்தார்கள். கிரேயின் புதிய கணக்குக்கு அந்தத் தரவும் கைகொடுத்தது.

கணக்குப்புலி:
சரி. ஆனால் மேல்கட்டம் வளிமண்டலத்தில் எரிந்துவிட்டதாகச் சீன வெளியுறவு அமைச்சகம் சொன்னதே?

மொட்டைமாடி:
சொன்னது. அது இறங்கவே இல்லை என்று அமெரிக்க விண்வெளிக் கட்டளையகம் மறுத்தது. அப்புறம் 2023இல் அரிசோனா பல்கலைக்கழகத்தார் அதன் ஒளியையும் பாதையையும் ஆராய்ந்து சீன ராக்கெட்தான் என்றார்கள். கிரே தன் பிழையைத் தானே எழுதி வெளியிட்டார். அமைச்சகங்கள் அப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

கணக்குப்புலி:
பெயரில் எனக்குச் சண்டை இல்லை, விட்டுவிடுகிறேன். ஆனால் மோதிய இடத்தை நாசாவின் நிலாச் சுற்றுக்கலம் எல்ஆர்ஓ எடுத்த படத்தில் 18 மீட்டர், 16 மீட்டர் என்று ஒட்டினாற்போல் இரண்டு பள்ளம். காலி ராக்கெட்டில் எடை எஞ்சின் பக்கம்தானே இருக்கும்? மறுமுனையிலும் கனமாக ஏதோ இருந்திருக்கிறது. அது என்ன?

மொட்டைமாடி:
அதை ஏவியவர்கள்தான் சொல்ல வேண்டும். தொலைநோக்கியில் அதெல்லாம் தெரியாது.