நரம்பு இணைப்பு வளர்வதில் மின்செயல்பாடும் ஓபியாய்டு பெப்டைடுகளும்: இரண்டும் எதிரெதிரா?

கேள்வி

நரம்பணுக்கள் எந்த அளவுக்கு இயங்குகின்றனவோ அந்த அளவுக்கு அவற்றின் இணைப்புகளும் பெருகும் என்றே படித்து வந்திருக்கிறேன். ஆனால் மூளை தானே சுரக்கும் என்கெஃபலின் போன்ற ஓபியாய்டு பெப்டைடுகள் (அபினைப் போலச் செயல்படும், அமினோ அமிலங்களாலான சிறு சங்கிலிகள்) நரம்பு வளர்ச்சியை மட்டுப்படுத்துவதாக அண்மையில் அறிந்தேன். நரம்பணு தீவிரமாக இயங்கும்போதுதான் இந்தப் பெப்டைடுகளும் வெளிவருகின்றன என்றால், ஒரே இயக்கம் வளர்ச்சியைத் தூண்டவும் தடுக்கவும் செய்வது எப்படி?

மறுமொழி 1

சிக்கல் ‘வளர்ச்சி’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. நரம்பணுவிலிருந்து செய்தியைக் கொண்டுசெல்லும் நீண்ட இழையான ஆக்சான் நீள்வது ஒன்று; நீண்டு சென்ற ஆக்சான் ஓரிடத்தில் நின்று சினாப்ஸ், அதாவது அடுத்த அணுவுடனான இணைப்பு, அமைப்பது வேறொன்று. ஆக்சானின் நுனியிலுள்ள வளர்கூம்பை நுண்ணோக்கியில் பார்த்தால், மெல்லிய விரல்களை நீட்டியும் மடக்கியும், இருட்டில் வழி தடவுபவரைப் போல அது முன்னேறுவது தெரியும். ஹெலிசோமா என்ற நன்னீர் நத்தையின் நரம்பணுக்களை வளர்ப்புத் தட்டில் வைத்து மின்தூண்டல் கொடுத்தபோது இந்த முன்னேற்றம் நின்றுபோனதையும், தூண்டலை நிறுத்தியபின் மீண்டும் தொடங்கியதையும் கோஹன், கேட்டர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் காட்டினர். மின்துடிப்பு உள்ளே விடும் கால்சியமே இதற்குக் காரணம். கால்சியம் அளவு மிகுந்தாலும் கூம்பு நகராது, மிகவும் குறைந்தாலும் நகராது.

ஆகவே இயக்கம் வளர்ச்சியை எப்போதும் கூட்டும் என்பதே சரியன்று. அமைந்த இணைப்புகளுள் எது நிலைக்கும் என்பதில் அதன் பங்கு பெரிது. பூனைக்குட்டியின் ஒரு கண்ணை ஆரம்ப வாரங்களில் மூடி வைத்தால், மூளைப் புறணியில் அந்தக் கண்ணுக்குரிய இடத்தைத் திறந்திருந்த கண் பிடித்துக்கொள்வதை ஹ்யூபெலும் வீசெலும் கண்டறிந்தனர்.

மறுமொழி 2

பெப்டைடுகளைப் பற்றி நான் சேர்க்கிறேன். ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் 1975இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்த இரண்டு என்கெஃபலின்களிலும் ஐந்தைந்து அமினோ அமிலங்களே உள்ளன. கடைசி ஒன்றில் மட்டுமே அவை வேறுபடுகின்றன. இவை நரம்பணுவுக்குள் பெரிய, அடர்ந்த குமிழ்களில் அடைபட்டிருப்பதால், ஓரிரு துடிப்புகளுக்குப் பொதுவாக வெளிவருவதில்லை; அடுத்தடுத்து வேகமாகத் துடிப்புகள் வந்தால்தான் வரும். நீங்கள் கேட்ட தொடர்பு இங்கேதான் இருக்கிறது.

இவை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகின்றன என்பதற்கு ஸேகனும் மெக்லாஃப்லினும் எலிக்குட்டிகளில் செய்த ஆய்வே சான்று. ஓபியாய்டு ஏற்பிகளை (அணுக்களில் இந்தப் பெப்டைடுகள் வந்து பற்றும் இடங்களை) மறிக்கும் நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தை நாள் முழுவதும் மறிக்கும் அளவில் தினமும் கொடுத்தபோது, மூளையின் அளவும் அணுக்களின் எண்ணிக்கையும் கூடியதாக 1983இல் அவர்கள் அறிவித்தனர். பின்னர் நரம்பணுக்களின் செய்தி பெறும் கிளைகளான டென்ட்ரைட்டுகள் நீண்டு, அவற்றின் மேலுள்ள நுண்முட்கள் பெருகியதும் தெரிந்தது.

கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் நால்ட்ரெக்ஸோனை மூளை வளர்ச்சிக்கான மருந்தாகவே கருதலாமா?

மறுமொழி 2

கூடாது. அதே ஆய்வாளர்கள் நாளில் சில மணி நேரம் மட்டுமே மறிக்கும் குறைந்த அளவைக் கொடுத்தபோது, வளர்ச்சி குன்றியது. மறிப்பு நீங்கியதும் உடலின் சொந்தப் பெப்டைடுகள் இன்னும் வலுவாகச் செயல்படுகின்றன என்பது அவர்களின் விளக்கம். அதோடு, இணைப்பு மிகுந்திருப்பதெல்லாம் நன்மை என்று கொள்ள முடியாது. வேண்டாதவற்றைக் கழிப்பதும் மூளை முதிர்வின் பகுதிதான்.

மறுமொழி 1

ஓபியாய்டு எல்லா இடத்திலும் தடையே என்று எண்ணிவிட வேண்டாம். நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில், பாசியிழைகள் என்ற ஆக்சான்கள் வெளியிடும் டைனார்ஃபின் என்ற மற்றோர் ஓபியாய்டு பெப்டைடு, சினாப்ஸ் வலுப்பெறுவதைக் குறைக்கிறது. அதே பகுதிக்குள் வரும் மற்றோர் ஆக்சான் தொகுதியான பக்கவாட்டுத் துளையிழைத் தடத்திலோ வலுவூட்டலுக்கு ஓபியாய்டு ஏற்பிகள் தேவைப்படுகின்றன; அங்கே என்கெஃபலின் அடக்குவது, பிற அணுக்களை அடக்கும் நரம்பணுக்களைத்தான்; அதனால் தடை தளர்ந்து வலுவூட்டல் எளிதாகிறது.