மும்பைச் சொந்தங்களே, பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சிக்கு ஒரு உதவி

வணக்கம். தாராவிப் பிள்ளைகள் சிலர், தங்கள் வயதுக்காரர்கள் வரைந்த ஓவியங்களை ஒரு அருங்காட்சியக அறையில் காட்சிக்கு வைக்கப் போகிறார்கள். எந்தப் படம், எந்தச் சுவரில், எந்த வரிசையில் என்று எல்லாமே அவர்கள் முடிவுதான். என் அக்கா மகளும் அதில் இருக்கிறாள்.

இப்போது திண்டாட்டம் ஃபிரேம் போடுவதில். எல்லாம் வாட்டர்கலரும் கரியும். நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடி நேராகத் தாளில் பட்டால் படம் அதோடு ஒட்டிக்கொள்ளும்; நடுவில் இடைவெளி விட, படத்தின் ஓரத்தைச் சுற்றி மவுண்ட் அட்டை கட்டாயம் வேண்டும். அதுவும் அமிலம் இல்லாத அட்டை, இல்லையென்றால் நாளடைவில் தாள் பழுப்பேறிவிடும். ஒரு பையன் தாராவியின் குயவர் பகுதியான கும்பார்வாடாவின் சூளைப் புகையைக் கரியாலேயே வரைந்திருக்கிறான். விரல் பட்டாலே கலைந்துவிடும். அப்படி ஒரு படம், வீணாகப் போகக் கூடாது.

அடக்க விலைக்கு ஃபிரேம் போட்டுத் தருபவர் யாரையாவது தெரியுமா? தாள் ஓவியங்களுக்கு வெளிச்சம் 50 லக்ஸ் அளவில் இருப்பது நல்லது. அளந்து பார்க்க லக்ஸ் மீட்டர் ஒருநாள் இரவல் கிடைத்தாலும் போதும். அப்புறம், படக்குறிப்புகளின் மராத்தியைச் சரிபார்க்க ஒருவர் வேண்டும். முடிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், பிள்ளைகளையே பேசச் சொல்கிறேன்.