பச்சோந்தி 4 நாளா சாப்பிடல, கூண்டுக்கு அடியிலயே சுத்துது, உதவி பண்ணுங்க (டர்பன், தென்னாப்பிரிக்கா)

சாட்ஸ்வொர்த்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல ஏமன் பச்சோந்தி ஒண்ணு இருக்கு, பொட்டை, பேரு மயிலு, 9 மாசம் ஆகுது. மகளுக்குன்னு வாங்குனது, இப்ப நான்தான் பாத்துக்குறேன், காலைல எழுந்தா அவ முகத்துலதான் முழிக்கிறேன். 4 நாளா ஒண்ணுமே சாப்பிடல. சில்லுவண்டை முன்னாடி விட்டா ஒரு கண்ணை மட்டும் திருப்பி பாத்துட்டு நகந்து போயிருறா. எப்பவும் உச்சிக்கிளையில இருக்கிறவ இப்ப அடியில இறங்கி மூலைக்கு மூலை நடக்குறா, நேத்து சாயங்காலம் தொட்டிச்செடி மண்ணை முன்னங்காலால பறிச்சுக்கிட்டு இருந்தா. உடம்பு கரும்பச்சையாகி மஞ்சளும் நீலமுமா புள்ளி வந்திருக்கு, இந்த கலர்ல நான் பாத்ததே இல்ல. வயிறு ரெண்டு பக்கமும் உப்பியிருக்கு, கிளையை பிடிக்கிற பிடியும் கொஞ்சம் தளர்ந்த மாதிரி. மலச்சிக்கலா இருக்குமோன்னு ஊர்லேருந்து அம்மா போன்ல விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடச் சொல்றாங்க, விடலாமா?

கூண்டு வலைக்கூண்டு, 60x60x120 சென்டிமீட்டர், ஜன்னல் ஓரமா வச்சிருக்கேன். கண்ணாடி வழியா காலை வெயில் நல்லா விழுறதால யூவி லைட் தனியா போடல, ஹீட் பல்பு மட்டும்தான். கால்சியம் பவுடர் வாரம் ஒரு தடவை.

மரிட்ஸ்பர்க் அக்கா:
தம்பி, எண்ணெய் எதுவும் ஊத்தாதீங்க, வாயை பிளந்து ஊத்துனா நுரையீரலுக்குள்ள போயிரும். முதல்ல ரெண்டு விஷயம் சொல்லுங்க. பகல்ல கண்ணு திறந்திருக்கா மூடியிருக்கா? வயித்துப் பக்கத்துல மெல்ல விரல் வச்சா கோலிகுண்டு மாதிரி உருண்டை உருண்டையா தட்டுப்படுதா? அழுத்த வேணாம்.

சாட்ஸ்வொர்த்காரன்:
கண்ணு நல்லா திறந்திருக்கு அக்கா. உருண்டை தட்டுப்படுது!! கட்டியா? பயமா இருக்கு.

மரிட்ஸ்பர்க் அக்கா:
கட்டி இல்ல தம்பி, முட்டை. ஆண் இல்லாம எப்படின்னு கேப்பீங்க, சேவல் இல்லாம கோழி முட்டை போடுறதில்லையா, அதே கதைதான், இந்த வகை பொட்டை பருவத்துக்கு வந்துட்டா ஜோடி இல்லாமலே முட்டை கட்டும், குஞ்சு பொரிக்காது அவ்வளவுதான். சாப்பிடாததும் கீழ இறங்குறதும் மண்ணை பறிக்கிறதும் போட இடம் தேடுறதுக்குத்தான். இடம் சரியில்லன்னா அடக்கி வச்சுக்கும், அப்படியே உள்ள மாட்டிக்கிட்டா உயிர் போயிரும். எனக்கு முதல்ல இருந்தவளை அப்படித்தான் இழந்தேன், எனக்கு அப்ப சொல்ல ஆள் இல்ல. அதனால இன்னைக்கே செய்யுங்க.

20 லிட்டர் வாளி ஒண்ணு எடுங்க. குழந்தைங்க விளையாடுற மணல்னு ஹார்டுவேர் கடையில மூட்டையா கிடைக்கும், அதை அலசி வாளில 30 சென்டிமீட்டருக்கு குறையாம நிரப்புங்க. பீச் மணல் வேண்டாம், உப்பு. ஈரம் எவ்வளவுன்னா, விரலை விட்டு எடுத்தா ஓட்டை சரியாம அப்படியே நிக்கணும், கீழ தண்ணி தேங்கக்கூடாது. அவ சுரங்கம் மாதிரி தோண்டி உள்ள போயி பின்பக்கமா திரும்பித்தான் போடுவா, சரிஞ்சா விட்டுட்டு வேற இடம் தேடுவா. வாளிக்குள்ள இறங்க ஒரு கிளை சாய்ச்சு வைங்க. அப்புறம் கூண்டை சுத்தி பெட்ஷீட் போட்டு மூடிட்டு சின்னதா ஒரு ஓட்டை வழியா மட்டும் பாருங்க, ஆள் பாக்குறது தெரிஞ்சா பாதியில நிறுத்திருவா. பாப்பாகிட்டயும் சொல்லிருங்க. தோண்ட ஒரு நாள், ரெண்டு நாள்கூட ஆகலாம்.

பகல்ல கண்ணை மூடிட்டு அடியில கிடந்தா, இல்ல தோண்டித் தோண்டி போடாம சோர்ந்து போனா ஒரு மணி நேரம்கூட காத்திருக்காம ஊர்வன பாக்குற வெட் டாக்டர்கிட்ட ஓடுங்க.

பூச்சிப்பண்ணை:
அக்கா சொன்னது அத்தனையும் சரி, நான் லைட்டை பத்தி சொல்றேன் ஏன்னா அந்த பிடி தளர்ந்த விஷயம்தான் எனக்கு கவலை. அண்ணா, ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், யூவிபி-ங்கிற புற ஊதாக் கதிரை தடுத்துரும். அது தோல்ல படாம உடம்பு வைட்டமின் டி3 உண்டாக்காது, டி3 இல்லாம கால்சியம் ரத்தத்துல ஏறாது, அதோட முட்டை ஓட்டுக்கும் கால்சியம் வேணும்னா எலும்புலேருந்துதான் உறிஞ்சும். முட்டையை வெளிய தள்ளுற தசைக்கும் அதே கால்சியம்தான். T5 குழல் யூவிபி லைட், 5.0 இல்லன்னா 6 சதவீதம்னு போட்டிருக்கிறதா பாத்து வாங்கி கூண்டு மேல வச்சு பகல்ல 12 மணி நேரம் எரிய விடுங்க, எரிஞ்சாலும் வருஷம் ஒரு தடவை மாத்திரணும். டி3 இல்லாத கால்சியத்தை ஒவ்வொரு தீனிக்கும் லேசா தூவுங்க, டி3 உள்ளதை மாசம் 2 தடவை போதும்.

கரண்ட் போற நாள்ல கவலைப்படாதீங்க, நம்ம டர்பன்ல குளிர்கால ஜூன் மாசமே மத்தியானம் 22, 23 டிகிரி வருது, பாதி நிழல் இருக்கிற மாதிரி கூண்டை வெளிய வச்சு அரை மணி நேரம் பக்கத்துலயே உக்காருங்க. எந்த லைட்டும் தராததை அந்த வெயில் தரும். ஆனா முட்டை போட்டு முடியிற வரைக்கும் நகத்த வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்காரன்:
வாளி வச்சுட்டேன். எதிர்வீட்டு ஜூலு பாட்டி கூண்டை பாத்துட்டு உள்ள வரவே மாட்டேன்னுட்டாங்க, மனுஷனுக்கு சாவு கிடையாதுன்னு சேதி கொண்டு போன உன்வாபு, அதாவது பச்சோந்தி, வழியில மெதுவா நடந்ததால பல்லி முந்திக்கிட்டு சாவு சேதியை சொல்லிருச்சாம், அந்த கோபமாம்.

சாட்ஸ்வொர்த்காரன் (2 நாள் கழிச்சு):
போட்டுட்டா!!! நேத்து காலைலேருந்து தோண்டி, வால் நுனி மட்டும் வெளிய தெரிஞ்சுது, சாயங்காலம் மேல வந்து மண்ணை தள்ளித் தள்ளி குழியை மூடுனா பாருங்க, காலு நடுங்க நடுங்க, முகமெல்லாம் மணலு, அப்பவும் தட்டித் தட்டி சமம் பண்ணாம விடல. மகளும் நானும் பெட்ஷீட் ஓட்டையில மாத்தி மாத்தி பாத்துக்கிட்டு அழுதோம். 43 முட்டை. இன்னைக்கு வெட்கிட்டயும் காமிச்சேன், எக்ஸ்ரேல உள்ள எதுவும் மிச்சமில்ல, எலும்பு கொஞ்சம் மெலிசுன்னு கால்சியம் சிரப் குடுத்திருக்காங்க. லைட் மாட்டியாச்சு.

மரிட்ஸ்பர்க் அக்கா:
வயித்துல பால வார்த்தீங்க தம்பி. இன்னைக்கு நல்லா தண்ணி தெளிங்க, இலையில சொட்டுற தண்ணியைத்தான் குடிப்பா, கிண்ணத்துல வச்சா தெரியாது. ரெண்டு வாரம் வயிறார குடுங்க, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 3, 4 பூச்சி போதும், ஹீட் பல்புக்கு கீழ 27 டிகிரிக்கு மேல போகாம பாத்துக்கோங்க. தீனியும் சூடும் கூடுனா 3, 4 மாசத்துல திரும்ப இதே மாதிரி நிறைய கட்டுவா. வாளியை கூண்டுலயே விட்டுருங்க.

சாட்ஸ்வொர்த்காரன்:
சரிக்கா. இப்பதான் 5 சில்லுவண்டு தின்னுட்டு உச்சிக்கிளைக்கு ஏறிட்டா, பழைய இளம்பச்சை வந்துருச்சு.