நம்ம ஊர்ப் பெட்டிக்கு வேறு ஊரில் காப்புரிமை: எதிர்ப்பு மனு போட்டவர்கள் சொல்லும் அனுபவம்

மன்னார்குடி பட்டறை:

"நம்ம ஊர்ல எல்லாரும் செய்யறதை யாரோ பேட்டன்ட் வாங்கப் போறாங்களாம், தடுக்க முடியுமா?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். முடியும். எங்கள் வீட்டில் நடந்ததை முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

அப்பா மன்னார்குடி பக்கம் லேத், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து தெளிப்பது நம்ம பக்கத்து வழக்கம். ஆள் வைத்து அறுத்த காலத்தில் அது சரியாக வந்தது. பெல்ட் போட்ட அறுவடை வண்டி வந்த பிறகு, முளைத்து நிற்கிற உளுந்தை வண்டி நசுக்கிவிட்டுப் போனது. இதைப் பார்த்துத்தான் 2016 தை மாதம் அப்பா ஒரு தகரப் பெட்டி செய்தார். அறுவடை வண்டிக்குப் பின்னால் மாட்டுவது. அடியில் ஒரு வட்டத் தட்டு, அதைச் சுற்ற பழைய லாரி வைப்பர் மோட்டார். பெல்ட் கடந்து போன பிறகு உளுந்து விழும், அவ்வளவுதான். அந்த வருஷம் நாலு பெட்டி போனது, அடுத்த வருஷம் பதினொன்று. காப்புரிமை என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

2022-இல் என் தங்கையின் கல்லூரித் தோழி ஒரு படத்தை அனுப்பினாள். காப்புரிமை அலுவலக இதழில் வெளியான விண்ணப்பம், 2020-இல் போட்டது. வேறு மாவட்டத்துக் கல்லூரி ஒன்று, பெயர் வேண்டாம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "கீலைக்கூட நம்ம வச்ச பக்கமே வச்சிருக்கான்டா" என்றார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். இதழில் வெளியாவது வேறு, காப்புரிமை கிடைப்பது வேறு. விண்ணப்பம் போட்டு 18 மாதம் கழித்து அது இதழில் வரும். இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது, இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வெளியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குக் காப்புரிமை கொடுக்கக் கூடாது. அதற்குப் பிறகும், கொடுக்கும் நாள் வரைக்கும், காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவின் கீழ் யாரும் எழுத்தில் எதிர்க்கலாம். பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. படிவம் 7ஏ. நாங்கள் போட்டபோது கட்டணம் கிடையாது. 2024 மார்ச்சில் விதியை மாற்றிக் கட்டணம் வைத்துவிட்டார்கள். மனு விசாரணைக்கு ஏற்கத்தக்கதா என்றும் முதலில் பார்க்கிறார்கள். இந்தக் கட்டணம் எனக்கு வருத்தமான விஷயம். எங்களைப் போன்றவர்களுக்குத் திறந்திருந்த ஒரே கதவு அது.

நான் எழுதிய முதல் மனு மூன்று பக்கமும் கோபம்தான். தஞ்சாவூரில் ஒரு வக்கீல் அக்கா அதைப் படித்துவிட்டு, "தம்பி, அவங்க கிளெய்மைப் படிச்சீங்களா?" என்று கேட்டார். படிக்கவில்லை. விண்ணப்பத்தில் முப்பது பக்கம் விளக்கம் இருக்கலாம், ஆனால் உரிமை கேட்பது கடைசியில் எண் போட்டு எழுதியிருக்கும் அந்த வாசகங்களுக்கு மட்டும்தான். எங்கள் விஷயத்தில் முதல் கிளெய்ம்: அறுவடை இயந்திரத்தின் பின்புறம் பொருத்திய விதைப்பெட்டி, சுழலும் தட்டு, அதை இயக்கும் மோட்டார். ஆறாவது, அறுத்துக்கொண்டே பயறு விதைக்கும் முறை. ஆறாவதைத் தட்ட ஒரு வரி போதும் என்றார் அக்கா: விவசாய முறைக்கு நம் சட்டத்தில் காப்புரிமையே இல்லை, 3(எச்) பிரிவு. பெட்டி அப்படியில்லை, அது கருவி. அவர்கள் விண்ணப்பித்த தேதிக்கு முன்னாலேயே அது ஊரறியப் புழக்கத்தில் இருந்தது என்று காட்டியாக வேண்டும்.

எங்களிடம் இருந்தது அப்பாவின் கணக்கு நோட்டு. "18 கேஜ் தகடு, பேரிங் 2, வைப்பர் மோட்டார் 1" என்று அவர் கையெழுத்தில், தேதியோடு. அது பட்டறைக்குள் கிடந்த நோட்டுதானே, ஊருக்கு எப்படித் தெரியும் என்பார்கள் என்று அக்கா சொன்னார். பின்னால் அவர்கள் கேட்டதும் அதைத்தான். போனில் எடுத்த படங்களையும் தேதி மாற்றியிருக்கலாம் என்றார்கள்.

வழி கிடைத்தது வடுவூர் பக்கத்து ஒரு பெரியவரிடம். எங்கள் பெட்டியை முதலில் மாட்டியவர். ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் அவர் வயலில் வண்டி ஓடும் படம் வந்திருந்தது. ஓரமாக அவர் பேரன் நிற்கிறான் என்பதற்காகவே அதை வெட்டிப் பட்டா புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தார். படத்தில் பெட்டி, தட்டு, ஒயர் எல்லாம் தெளிவு. தேதி மட்டும் இல்லை, அதைச் சேர்த்தே கத்தரித்திருந்தார். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பாதி ஏல அறிவிப்பு, அதில் ஏல நாள் 26.02.2016. அந்தத் தேதிக்கு முந்தைய மூன்று வாரத்து இதழ்களைத் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் நானும் தங்கையும் புரட்டினோம். இரண்டாம் நாள் மத்தியானம் முழுப்பக்கம் கிடைத்தது.

இன்னொரு வேலை இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். காப்புரிமை அலுவலகத்தில் ஆங்கிலமோ இந்தியோதான். தமிழில் இருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். ஐந்து விவசாயிகள் நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். அதில் "மெழுகுப் பதம்" என்று வந்ததை ஆங்கிலத்தில் எழுத ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

எதிர்த்தரப்புக்கு அப்போது மூன்று மாதம் பதில் நேரம் இருந்தது. விசாரணை 2023-இல், சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்குப் போகவேண்டியிருக்கவில்லை, வீடியோவிலேயே நடந்தது. முடிவு முழு வெற்றி இல்லை. முதல் கிளெய்மை அவர்கள் சுருக்கிக்கொண்டார்கள்: வண்டியின் வேகத்தை சென்சார் வைத்து அளந்து, அதற்கேற்ப விதையின் அளவை மாற்றுகிற பெட்டி என்று. அது எங்களிடம் இல்லை, அவர்கள் செய்தது. அதற்குக் காப்புரிமை கிடைத்தது, கிடைக்கட்டும். வெறும் பெட்டி, தட்டு, மோட்டார் எல்லாருக்கும் பொதுவாகவே நிற்கிறது. இந்தத் தையிலும் அப்பா செய்துகொடுத்தார்.

பேராவூரணி தென்னந்தோப்பு:

அண்ணே, நான் அந்தப் பக்கத்து ஆள். விண்ணப்பம் போட்டு எதிர்ப்பு வாங்கியவன்.

கஜா புயலில் தோப்பு போனது. மிச்சம் நின்ற மரத்துக் காயைக் கொப்பரையாகவாவது நல்ல விலைக்கு விற்கலாம் என்று, கருக்காமல், புகை ஏறாமல் காய வைக்க ஒரு உலர்த்தி செய்தேன். எரிப்பது சிரட்டைதான். நன்றாக வந்தது. சந்தோஷத்தில் 2020-இல் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டேன், புகைத்தகட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக் காட்டினேன். 2021-இல் விண்ணப்பித்தேன். எதிர்ப்பு மனு வந்தது. முதல் ஆதாரம் என் வீடியோ, என் குரல்.

தான் கண்டுபிடித்ததைத் தானே காட்டினால் தப்பா என்று அலுவலகத்துக்கு எழுதினேன். சட்டப்படி புதுமை போய்விடுகிறது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் வைத்திருந்தால் 12 மாதம் அவகாசம் உண்டு, நம்ம ஊர் விவசாயக் கண்காட்சிக்கெல்லாம் அது பொருந்தாது. வீடியோ போடும் முன்பு தற்காலிக விவரக்குறிப்போடு ஒரு விண்ணப்பம் போட்டிருக்கலாம். தனிநபருக்கு இணையத்தில் 1,600 ரூபாய். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. விண்ணப்பத்தை அப்படியே விட்டுவிட்டேன். எதிர்த்தவர் மேல் கோபம் இல்லை, அவர் காட்டியது உண்மை.

கும்பகோணம் பாத்திரக்கடை வீதி:

எங்களுக்குத் தெரிந்ததே காப்புரிமை கொடுத்தபிறகுதான். மாமா பட்டறையில் வைத்திருந்த ஒரு அச்சைப் பற்றி, காப்புரிமை வாங்கியவரிடமிருந்து நோட்டீஸ் வந்தது, கொடுத்த பதினாலாவது மாதத்தில். கொடுத்த பின் எதிர்ப்பதற்கு, அது இதழில் வெளியான நாளிலிருந்து ஒரு வருஷம்தான். அதுவும் தொடர்புடையவர்கள் மட்டும், படிவம் 7. மூன்று பேர் குழு பார்த்துச் சொல்லும். எங்களுக்கு அந்த வாசல் அடைத்தாகிவிட்டது. இனி 64-ஆம் பிரிவில் ரத்து கேட்டு உயர் நீதிமன்றம்தான். முன்பு இருந்த மேல்முறையீட்டு வாரியத்தையும் 2021-இல் எடுத்துவிட்டார்கள். மாமா அந்த அச்சைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். மூன்று பேர் வேலை அதோடு போனது.

திருத்துறைப்பூண்டி வாத்தியார் (ஓய்வு):

தம்பிகளே, ஒரு சந்தேகமும் ஒரு தகவலும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி விதைக்கு யாராவது காப்புரிமை வாங்கிவிடுவார்களோ என்று இங்கே பலருக்குப் பயம். செடிக்கும் விதைக்கும் காப்புரிமைச் சட்டத்தில் இடம் இல்லை, 3(ஜே). ரகங்களைப் பதிய 2001-ஆம் வருடத்துச் சட்டம் தனி. அங்கேயும் விளம்பரம் வந்த மூன்று மாதத்துக்குள் எதிர்க்கலாம்.

சந்தேகம் இது. அமெரிக்காவில் மஞ்சளுக்கு 1995-இல் கொடுத்த காப்புரிமையை நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து, 1997-இல் ரத்தானது. புண்ணுக்கு மஞ்சள் வைப்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனாலும் அங்கே நின்றது பழைய சமஸ்கிருத நூலும் 1953-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரையும். அப்படியானால் எங்கேயும் எழுதப்படாமல் எங்கள் பக்கத்துக் கிழவிகள் கையில் இருக்கிற வைத்தியத்துக்கு என்ன வழி?

மன்னார்குடி பட்டறை:

ஐயா, இங்கே வழி இருக்கிறது. ஒரு சமூகத்தாரிடம் வாய்மொழியாக இருக்கும் அறிவையும் எதிர்ப்புக்குக் காரணமாகச் சொல்லலாம், 25(1)(கே). வழிவழி வந்த அறிவு கண்டுபிடிப்பே ஆகாது என்று 3(p) பிரிவும் இருக்கிறது. ஆனால் யார், எந்த ஊர், எத்தனை வருஷமாக என்று ஆளாளுக்குப் பிரமாணப் பத்திரம் வேண்டும். அந்த அம்மாக்கள் இருக்கும்போதே எழுதி, நோட்டரி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துவிடுங்கள். யாரும் விண்ணப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். எங்கள் உத்தரவிலும் ஐந்து பத்திரங்களையும் குறிப்பிட்டிருக்கிறார்கள், பேப்பர் படத்தோடு சேர்த்து.

கும்பகோணத்து அண்ணே, அந்த அச்சு எந்த வருஷம் வார்த்தது, அதற்கு முந்தி பில் எதுவும் உண்டா? ரத்து மனுவுக்கும் அதே ஆதாரம்தான் வேண்டும். திங்கள்கிழமை நானும் தங்கையும் மறுபடி தஞ்சாவூர் நூலகம் போகிறோம். மாமாவின் பட்டறை பற்றிப் பத்திரிகையில் ஏதாவது வந்த ஞாபகம் இருந்தால் மாதத்தைச் சொல்லுங்கள், தேடிப் பார்க்கிறோம்.