புதுப்பிப்பு: நிபோங் திபால் செம்பனைத் தோட்டத்தின் அறுவடைப் பதிவு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள மாமாவின் செம்பனைத் தோட்டத்தில் வெட்டும் பழக்குலைகளின் கணக்கை நோட்டிலிருந்து இணையத்துக்கு மாற்றுவது பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிந்த எடையை யாரும் பிறகு மாற்றாமல் காப்பது எப்படி என்பதுதான் என் கேள்வி. இப்போது செயலி ஓடத் தொடங்கிவிட்டது.

நீங்கள் சொன்ன வழிதான்: எந்தப் பதிவையும் அழிக்கவோ திருத்தவோ முடியாது. பிழை இருந்தால் காரணத்தோடு புதிய பதிவு சேரும், பழையதும் அப்படியே இருக்கும். திரையில் பட்டனை மறைத்தால் மட்டும் போதாது. தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்ஸிலேயே செயலியின் கணக்குக்குப் படிக்கவும் சேர்க்கவும் மட்டும் அனுமதி கொடுத்தேன். குலை வெட்டுபவர்களின் கூலி இந்த எண்ணில்தான் நிற்கிறது, இதில் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கண்காணி (மேற்பார்வையாளர்) பதிகிறார், கிராணி (தோட்ட எழுத்தர்) ஆலையின் எடைச்சீட்டோடு ஒப்பிடுகிறார். இணைய லைன் கிடைக்காத இடத்தில் பதிவு கைப்பேசியிலேயே காத்திருக்கும். அங்கேயே அதற்குத் தனி அடையாள எண் உருவாகிவிடுவதால், இரண்டு முறை அனுப்பினாலும் ஒருமுறைதான் சேரும். கடவுச்சொற்களை அப்படியே வைக்காமல், திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றிச் சேமிக்க ஆர்கான்2 என்ற முறை.

அப்புறம், எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மை செம்பனை எண்ணெய்) சான்றிதழ் இங்கே 2020 முதல் கட்டாயம். எந்தப் பகுதியில், எப்போது வெட்டியது என்ற தடம் அதற்கும் உதவும்.

வெட்டுபவர்களில் சிலர் வங்காளம் படிப்பவர்கள். திரைச் சொற்களை அந்த மொழியில் சரிபார்க்க யாராவது உதவ முடியுமா?