புதுப்பிப்பு: கொரியன் புல்தரையில் கோரையும் யூரியா அளவும்

புல்தரையில் முளைக்கும் கோரைக் களையைக் கையால் பிடுங்கினால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்ளுங்கள். இழுத்தால் தண்டு மட்டும்தான் வரும். கறுத்த கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி துளிர்க்கும். சந்தேகமிருந்தால் தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரைதான்.

ஹாலோசல்ப்யூரான் மெத்தில் 75% என்ற களைக்கொல்லி கிழங்குவரை இறங்கும். 1000 சதுர அடிக்கு 0.8 கிராம், 4 லிட்டர் தண்ணீர், மருந்து இலையில் ஒட்டக் கொஞ்சம் ஒட்டுத் திரவம். சமையலறைத் தராசு இந்த எடையைக் காட்டாது. நகைத் தராசு வேண்டும். கண்ணளவில் கொட்டினால் புல்லும் சேர்ந்து பழுக்கும். அடிப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் புல் வெட்டாதீர்கள், மருந்து இறங்க இலை வேண்டும். கோரை மஞ்சளாக இரண்டு வாரம்கூட ஆகும். அவசரப்பட்டு மறுபடி அடிக்க வேண்டாம்.

யூரியா அதே பரப்புக்கு ஒரு தடவைக்கு 500 கிராம், வருடத்துக்கு நாலு தடவை போதும். அதற்கு மேல் போனால் கொரியன் புல் அடியில் மெத்தை கட்டி, தண்ணீர் வேருக்கு இறங்காது. 5 கிலோ காய்ந்த மணலில் கலந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்கிலும் தூவுங்கள். இலை ஈரமாக இருந்தால் குருணை ஒட்டிக் கருகும். தூவிய கையோடு தண்ணீர் விட்டுவிடுங்கள்.